பூஜைக் கடையின் டொமைனை மாற்றப் போய் 19 நாள் பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தனியாளாக வெப்சைட் வேலை பார்க்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. இதில் என்னை அதிகம் அழவைத்த வேலை, 2023 செப்டம்பரில் ஒரு பூஜைச் சாமான் கடையின் வெப்சைட்டைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து (வெப்சைட் ஃபைல்கள் இருக்கும் வாடகை சர்வர்) புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றிக் கொடுத்ததுதான். அதில் ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. இரண்டு நாள் வேலை, 4,500 ரேண்ட் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். 19 நாள் ஆனது. பேசிய பணத்தை வாங்க மனசு வரவில்லை, அதற்கு மேல் என் கையிலிருந்து 3,400 ரேண்ட் போனது. அந்த நாட்களில் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து தேடியபோது கிடைத்ததெல்லாம் ‘எளிதாக மாற்றுவது எப்படி’ என்ற வகைதான். எங்கே வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறது. கற்பூரம், விபூதி, பித்தளைச் சொம்பு, நாட்டு மருந்து, இங்கே எல்லோரும் ‘காட் லாம்ப்’ என்று சொல்லும் காமாட்சி விளக்கு எல்லாம் கிடைக்கும். கடைக்காரரை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். தமிழ் புரியும், பேச வராது. அவருடைய அம்மா, எங்கள் எல்லோருக்கும் ஆயா, மேகஸின் பாரக்ஸில் பிறந்தவர். நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் இருந்த இடம் அது, பெரும்பாலும் தமிழர்கள். 1960களில் அவர்களை அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆயா இன்னும் தமிழில்தான் திட்டுவார். வெப்சைட் வந்தபோது, ஒவ்வொரு பொருளுக்கும் ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரும் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்ததும் அவர்தான். 412 பொருள், 412 தமிழ்ப் பெயர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாற்ற வேண்டிய காரணம் நியாயமானது. பழைய ஹோஸ்டிங் அமெரிக்காவில், பில் டாலரில். 2018 தொடக்கத்தில் வாங்கியபோது ஒரு டாலர் 12 ரேண்ட் அளவில் இருந்தது. 2023 செப்டம்பரில் 19 ரேண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதே பிளான், அதே வேகம், அங்கிள் கட்டும் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. வாங்குகிறவர்கள் எல்லோரும் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொஹானஸ்பர்க் பக்கம். சர்வர் ஜொஹானஸ்பர்க்கில் இருந்தால் பக்கமும் சீக்கிரம் திறக்கும், பில்லும் ரேண்டில் வரும். இதை எடுத்துச் சொன்னவளும் நான்தான்.

நான் செய்த முதல் தப்பு, அங்கிளிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “பாஸ்வேர்ட் இருக்கா அங்கிள்?” கேட்டிருக்க வேண்டியது வேறு. டொமைன், அதாவது வெப்சைட்டின் இணையப் பெயர், யார் பெயரில், எந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கிறது? டிஎன்எஸ் பதிவுகள், அதாவது அந்தப் பெயரைத் தேடி வருவதை எந்தச் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்புகள், எங்கே இருக்கின்றன? வெப்சைட் ஃபைல்கள் எங்கே? மெயில் எங்கே? நம்மிடம் வேலை கொடுக்கிறவருக்கு இந்த நாலும் ஒன்றுதான், ‘என் வெப்சைட்’. பல நேரம் இவை நாலு தனி இடத்தில் இருக்கும். இவருடைய டொமைன் ஒரு உள்ளூர் கம்பெனியில், டிஎன்எஸ் அதே கம்பெனியில், ஹோஸ்டிங் அமெரிக்காவில், மெயில் கூகுளில். இந்தப் படம் எனக்கு முழுசாகத் தெரிந்தபோது எல்லாம் கெட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

டொமைன் அங்கிள் பெயரில் இல்லை. 2018-ல் வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தான், தொடர்பு மெயிலும் அவனுடையது. பையன் இப்போது ஆக்லாந்தில். அந்தக் கணக்கில் அவனுடைய மற்ற வாடிக்கையாளர்களின் டொமைன்களும் இருந்ததால் பாஸ்வேர்ட் தர முடியாது என்றான், அது சரிதான். அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “தம்பி, ஏ ரெக்கார்டில் இந்த ஒரு ஐபி எண்ணை மட்டும் மாற்றிக் கொடு.” ஏ ரெக்கார்டு என்பது வெப்சைட் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் வரி, ஐபி எண் அந்தச் சர்வரின் முகவரி. அவன் ஐந்து நிமிடத்தில் செய்திருப்பான். வெப்சைட் புது இடத்துக்குப் போயிருக்கும், மெயிலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஹோஸ்டிங்கை மாற்ற டொமைனை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அங்கிளுக்கு வசதி என்று நினைத்து, டொமைனையே புதிய கம்பெனிக்கு மாற்றும் கோரிக்கையைப் போட்டேன்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். டாட் காம் மாதிரி டொமைன் என்றால் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு ரகசியக் குறியீடு வாங்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், பதிவு செய்து 60 நாள் ஆகாவிட்டால் மாற்றவே முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் ஐந்து நாள் வரை இழுக்கும். நாம் கோ.இசட்ஏ, அதாவது தென்னாப்பிரிக்க டொமைனை மாற்றியபோது அந்தக் குறியீடு எதுவும் கேட்கவில்லை. புதிய கம்பெனி கேட்டதும், டொமைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய மெயிலுக்குச் ‘சம்மதமா, இல்லையா’ என்று ஒரு கடிதம் போகிறது. அதில் ஒரு கிளிக், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. அந்த மெயில் ஆக்லாந்துப் பையனின் பழைய இலவச முகவரிக்குப் போனது. அவன் அதைத் திறந்து வருடக்கணக்காகிவிட்டது. இரண்டு தடவை கோரிக்கை போட்டேன், இரண்டும் பதிலில்லாமல் போனது. மூன்றாவது தடவை, அங்கிளின் மச்சான் மகன் மூலம் அவனை மறுபடி வாட்ஸப்பில் பிடித்து, கெஞ்சி, பழைய முகவரியை அவன் திறந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டபோது செப்டம்பர் 22, வெள்ளிக்கிழமை. “லேப்டாப் பக்கம் போகும்போது பண்ணிடறேன் அக்கா” என்றான். சரி, திங்கள் செவ்வாய் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் நான் வெப்சைட்டை நகல் எடுக்கும் வேலையை ஆரம்பித்திருந்தேன். அந்த மாதம் லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஆறாம் கட்டம் வரை போய் வந்த மாதம். இரண்டு மணி நேரம் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வைத்திருந்தேன், லேப்டாப்பில் சார்ஜும் இருக்கும். ஆனால் எங்கள் பகுதி டவரின் பேட்டரியும் சோர்ந்துபோயிருந்த காலம் அது, போன் சிக்னலும் போய்விடும். அமெரிக்காவிலிருந்து என் லேப்டாப்புக்கு இறக்கி, லேப்டாப்பிலிருந்து ஜொஹானஸ்பர்க்குக்கு ஏற்றுவது என்று நான் போட்ட திட்டம் மூன்று ராத்திரியைத் தின்றது. பாதியில் அறுந்த ஃபைல் எது, முழுசாகப் போனது எது என்று தெரியாது. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நேராக இழுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனலில் முழு பேக்கப் எடுத்து, புதிய ஹோஸ்டிங்காரர்களிடம் கொடுத்தால் பல கம்பெனிகள் இலவசமாகவே ஏற்றித் தருகின்றன. நம் வீட்டு இணையத்தை நடுவில் கொண்டுவருவானேன்? கௌரவம்தான். ‘நானே செய்தேன்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமே.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு டேட்டாபேஸை இறக்குமதி செய்துவிட்டு, தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடங்களில் ஏதோ கன்னாபின்னாவென்று தெரிவதைப் பார்த்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். தளத்தை இன்னும் யாரும் பார்க்க முடியாதே, திங்கள் வரை நேரம் இருக்கிறதே என்ற தைரியம்.

ஆக்லாந்து அப்போது நம்மைவிடப் பத்து மணி நேரம் முன்னால் இருந்தது. நமக்கு வெள்ளி நள்ளிரவு என்றால் அங்கே சனிக்கிழமை காலை பத்து. பையன் எழுந்தான், காபி குடித்தான், லேப்டாப்பைத் திறந்தான், சம்மதம் என்று கிளிக் செய்தான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் டொமைன் புதிய கம்பெனிக்கு வந்துவிட்டது. வந்தவுடன் அவர்கள் சிஸ்டம் தானாகவே தங்கள் நேம்சர்வர்களை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்கள்) போட்டுவிட்டது. தங்கள் வழக்கமான டிஎன்எஸ் பதிவுகளையும் நிரப்பிவிட்டது. பழைய கம்பெனி, டொமைன் தன்னைவிட்டுப் போனதும் தன்னிடம் இருந்த டிஎன்எஸ் பட்டியலை அழித்துவிட்டது. அதாவது எந்தெந்தப் பதிவு இருந்தது என்று பார்த்து நகல் எடுக்கக்கூட இடம் இல்லை. டொமைனை நகர்த்தும் முன் டிஎன்எஸ் பட்டியல் முழுவதையும், ஒவ்வொரு வரியையும், ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் கணக்கில் நுழைய முடியாத என் மாதிரி நிலை என்றால், உள்ளே இருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை.

செப்டம்பர் 23, புரட்டாசி முதல் சனிக்கிழமை. இங்கே புரட்டாசி என்றால் சும்மா இல்லை. தமிழே பேசத் தெரியாத குடும்பங்கள்கூட மாதம் முழுக்க அசைவம் தொடாமல், விளக்கேற்றி விரதம் இருப்பார்கள். அங்கிளுக்கு வருஷத்தில் அதிக வியாபாரம் இந்த மாதம்தான். காலை ஏழு மணிக்கு அவர் போன். “மா, கஸ்டமர் எல்லாம் சைட்டுக்குள்ள போனா ரெட் வார்னிங் வருதுங்கறாங்க.” தளத்தின் இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் புதிய சர்வரில் இல்லை. வழக்கமான முறையில், டொமைன் அந்தச் சர்வரைச் சுட்டிய பிறகுதான் இலவசச் சான்றிதழ் கிடைக்கும், அது சுட்டியது நடுராத்திரி. பதற்றத்தில் சான்றிதழ் கேட்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். டிஎன்எஸ் இன்னும் முழுசாகப் பரவாததால் ஒவ்வொரு தடவையும் தோல்வி. அந்த இலவசச் சான்றிதழைத் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை தோற்றால் பூட்டிவிடுவார்கள். பூட்டிவிட்டார்கள். பொறுமையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும், நான் மூன்று மணி நேரம் ஆக்கினேன்.

இன்னொரு பக்கம், எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியவில்லை. அங்கிள் மகள் போனில் பழைய தளம் ஜம்மென்று திறந்தது. கடை வைஃபையில் புதிய தளம், சிவப்பு எச்சரிக்கை. டிஎன்எஸ் பதில்களை ஒவ்வொரு நெட்வொர்க்கும் கொஞ்ச நேரம் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வது டிடிஎல். நம் கட்டுப்பாட்டில் உள்ள பதிவு என்றால் ஒரு நாள் முன்னால் அதை 300 நொடியாகக் குறைத்துவைத்துவிட்டு மாற்றினால் தடுமாற்றம் ஐந்து பத்து நிமிடத்தோடு போகும். நேம்சர்வரையே மாற்றினால் அந்த வசதி இல்லை. உதாரணத்துக்கு, டாட் காமில் நேம்சர்வர் பதிவின் டிடிஎல் 1,72,800 நொடி, அதாவது முழுசாக 48 மணி நேரம். இப்போதெல்லாம் நான் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய ஐபியை எழுதிவைத்து, ஊருக்குத் தெரியும் முன் தளத்தை எனக்கு மட்டும் திறந்து முழுசாகச் சோதிக்கிறேன். அப்போதும் அந்த வித்தை எனக்குத் தெரியும். அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

வெப்சைட் கெட்டால் பத்து பேர் போன் செய்வார்கள். மெயில் கெட்டால் அமைதியாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு அங்கிள், “இன்னைக்கு ஒரு மெயிலும் வரல, லாங் வீக்எண்ட் இல்லையா” என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. “அங்கிள், உங்க மெயில் எங்கே இருக்கு?” “என் போன்ல.” போனை வாங்கி செட்டிங்ஸில் பார்த்தால் கூகுள். புதிய கம்பெனியின் பட்டியலில், மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு தங்கள் சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சர்வரில் அங்கிளுக்குப் பெட்டியே கிடையாது. வந்த மெயில் ஒவ்வொன்றையும் ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டது.

இது நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்ட வித்தியாசம். மெயில் சர்வர் செத்துக்கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை. அனுப்புகிற சர்வர் நாலைந்து நாள் வரை மறுபடி மறுபடி முயற்சி செய்யும், உயிர் வந்ததும் எல்லாம் வந்து சேரும். ஆனால் உயிரோடு இருக்கிற சர்வர், ஆள் இல்லை என்று சொன்னால் அந்தக் கணமே கதை முடிந்தது. மறுமுயற்சி கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குள் கூகுளின் எம்எக்ஸ் பதிவைப் போட்டேன், தவறான பதிவு எல்லா இடத்திலிருந்தும் மறைய இன்னும் நாலு மணி நேரம். மொத்தத்தில் கிட்டத்தட்ட 22 மணி நேரம், வந்த கடிதமெல்லாம் சுவரில் மோதித் திரும்பியது.

அதில் ஒன்று, துறைமுகத்து கிளியரிங் ஏஜென்ட் அனுப்பியது. தீபாவளிக்காக இந்தியாவிலிருந்து வந்த கன்டெய்னர் டர்பனில் இறங்கப்போகிறது, இன்னின்ன பேப்பர் அனுப்புங்கள் என்று. திருப்பி அடித்த முகவரி என்பதால் அவர்கள் சிஸ்டம் அங்கிளின் முகவரியைத் தன் தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. நான் மெயிலைச் சரிசெய்த பிறகும் அங்கிருந்து எதுவும் வரவில்லை. 24-ஆம் தேதி ஹெரிடேஜ் டே என்ற பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை விழுந்ததால் திங்களும் விடுமுறை. செவ்வாயன்று ஏஜென்ட் மறுபடி அனுப்பியதும் போகவில்லை. வியாழன் அவர்கள் போன் செய்து ‘ஏன் பதிலே இல்லை’ என்று கேட்டபோது இலவச நாட்கள் முடிந்து சேமிப்புக் கட்டணம் ஓட ஆரம்பித்திருந்தது. 6,800 ரேண்ட். மெயில் 22 மணி நேரம் நின்றுபோனால், சரிசெய்ததோடு விடக் கூடாது. சப்ளையர், ஏஜென்ட், வங்கி, அக்கவுண்டன்ட் என்று முக்கியமானவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, ‘எங்களுக்கு ஏதாவது அனுப்பித் திரும்பி வந்ததா, தடைப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். நான் செய்யவில்லை.

மெயில் பிரச்சினை அத்தோடு முடிந்திருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து மெயில் வர ஆரம்பித்தது. ஆனால் வெப்சைட்டிலிருந்து ‘புதிய ஆர்டர்’ என்று வர வேண்டிய மெயில் மட்டும் வரவில்லை. வெப்சைட்டின் கடைப் பகுதியை நடத்தும் மென்பொருளான வூகாமர்ஸை ஒரு நாள் முழுக்கக் குடைந்தேன். விஷயம் வேறு இடத்தில். வெப்சைட் இருக்கிற சர்வர், ‘இந்த டொமைன் என்னுடையதுதானே, மெயிலும் என்னிடம்தானே இருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு, வெளியே போகாமல் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தது. சி-பேனலில் இமெயில் ரூட்டிங் என்று ஒரு இடம் இருக்கிறது. அதை லோக்கலிலிருந்து ரிமோட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு கிளிக். அந்த ஒரு கிளிக் தெரியாமல் ஞாயிறு போனது.

அடுத்தது எஸ்பிஎஃப். இந்த டொமைன் பெயரில் யாரெல்லாம் மெயில் அனுப்பலாம் என்று ஊருக்குச் சொல்லும் வரி அது. கூகுளுக்கு ஒரு வரி போட்டேன், புதிய ஹோஸ்டிங்குக்கு இன்னொரு வரி. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம், எல்லாரையும் அதற்குள்ளேயே சேர்க்க வேண்டும். இரண்டு வரி இருந்தால் இரண்டும் செல்லாது. இன்வாய்ஸ் அனுப்பும் அக்கவுண்டிங் மென்பொருளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, பழைய பட்டியலில் அதுவும் இருந்திருக்கிறது. கோயில்களுக்கு மொத்தமாகச் சாமான் கொடுத்த இன்வாய்ஸ்கள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் ஸ்பேம் பெட்டியில் கிடந்தன. ‘கோயில்காரங்க ஏன் இன்னும் பணம் போடல’ என்று அங்கிள் யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். 19 நாள் என்று நான் சொல்வது அந்த நாளோடு சேர்த்துத்தான்.

இதற்கு நடுவில் ஞாயிறு சாயங்காலம் அங்கிள் மகள் நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தாள். பழைய ஹோஸ்டிங்குக்கு 25-ஆம் தேதி அடுத்த டாலர் பில். ‘மாத்தியாச்சே, இன்னும் எதுக்குக் கட்டணும்’ என்று கணக்கில் போய் உடனடி ரத்து என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். ஃபைல், டேட்டாபேஸ், பேக்கப் எல்லாம் போயிற்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ஒருவார்த்தை சொல்லியிருக்க வேண்டும்: பழையதை ஒரு மாதமாவது தொடாதீர்கள், அந்த ஒரு மாதப் பில்லை மாற்றும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

போனதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, சனி ஞாயிறில் பழைய தளம் தெரிந்தவர்கள் அங்கேயே போட்ட ஆர்டர்கள், 11. பணம் கட்டியிருக்கிறார்கள், என்ன வாங்கினார்கள் என்ற விவரம் நம்மிடம் இல்லை. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கணக்கில் பெயரும் தொகையும் மெயிலும் இருந்ததால் ஒவ்வொருவரையாகக் கேட்டு அனுப்பினோம். மாற்றும் நேரத்தில் பழைய தளத்தை ‘பராமரிப்பில் உள்ளது’ என்று மூடி வைக்கச் சொல்வது இந்த இரட்டைக் கல்லாவைத் தவிர்க்கத்தான்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள். வெள்ளி ராத்திரி பார்த்தேனே, கன்னாபின்னா. இரண்டு விதமாக இருந்தது. பாதிப் பொருள்களில், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வரிசையாக லத்தீன் குப்பை. மீதிப் பாதியில் வெறும் கேள்விக்குறிகள். பார்க்க லத்தீன் குப்பைதான் பயமாக இருக்கும். உண்மையில் அதற்குள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டில் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி லத்தீன் எழுத்தாகப் படிப்பதால் வரும் கோலம் அது. சரியான குறியீட்டைச் சொல்லி மறுபடி ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும், எனக்கு ஒரே மணி நேரத்தில் திரும்பியது. கேள்விக்குறி அப்படி இல்லை. நான் டேட்டாபேஸை நகல் எடுத்தபோது லத்தீன்-1 என்ற பழைய குறியீட்டில் எடுத்துவிட்டேன். அதில் தமிழுக்கு இடமே இல்லை, அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நகல் எடுக்கும்போதே யூடிஎஃப்8-எம்பி4 (டேட்டாபேஸில் யூடிஎஃப்-8-இன் முழு வடிவம்) என்று சொல்லி எடுத்து, அந்த ஃபைலை ஒரு எடிட்டரில் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்திருந்தால் போதும். தமிழில் தளம் வைத்திருக்கிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

பழைய பக்கங்களின் நகலைத் தேடினேன். கூகுள் கேச்சில் சில பக்கம் கிடைத்தது, இன்டர்நெட் ஆர்க்கைவில் சில. 37 பெயர் எங்கேயும் இல்லை. ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். படத்தைக் காட்டுவேன், அவர் சொல்வார். “இது வசம்பு. இது ஜவ்வாது, உங்க ஊருல இப்ப யாராச்சும் பூசறாங்களா? இது வேம்பாளம் பட்டை, தலைக்கு எண்ணெய் காய்ச்சறது.” சரிதானா என்று சோதிக்க எனக்கு ஒரு வழி இருந்தது: கேள்விக்குறிகளை எண்ணலாம். ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுவது நாம் எண்ணுவது மாதிரி இல்லை. புள்ளி தனி, துணையெழுத்து தனி. கற்பூரம் நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு எட்டு. வசம்பு நாலு, அதற்கு ஆறு. ஆயா சொல்ல, நான் எண்ண, பொருந்தினால் அவர் கை தட்டுவார். அந்த மூன்று வாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

பணத்தை முடித்துவிடுகிறேன். சேமிப்புக் கட்டணத்தில் பாதி நான் கொடுத்தேன். அங்கிள் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார், அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. டொமைன் இப்போது அவர் பெயரில். தொடர்பு மெயிலாக அவருடைய சொந்த ஜிமெயிலைப் போட்டோம். கடை டொமைனிலேயே உள்ள முகவரியைப் போட்டால், டொமைன் கெட்ட அன்றைக்கு அதைச் சரிசெய்யும் மெயிலும் வராதே. இப்போது புது வேலை வந்தால் முதல் நாள் முழுக்கக் கேள்விதான் கேட்கிறேன். யார் யார் இந்தப் பெயரில் மெயில் அனுப்புகிறார்கள், யார் பில் கட்டுகிறார்கள், பழைய ஆள் எங்கே. அந்த ஒரு நாளுக்கும் காசு வாங்குகிறேன். செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில்தான் மாற்றுகிறேன், அதுவும் விடுமுறை வாரம் இல்லை என்று காலண்டரைப் பார்த்துவிட்டு.

37-இல் 36 கிடைத்துவிட்டன. ஒன்று மட்டும் நிற்கிறது: எட்டுக் கேள்விக்குறி, ஒரு இடைவெளி, நாலு கேள்விக்குறி. படம் மங்கல், பாலித்தீன் பையில் பழுப்பாக ஏதோ. ஆங்கிலப் பெயர் வெறுமனே ‘ஹெர்பல்’. சரக்கு தீர்ந்து ரொம்ப நாளாகிறது. நாலு எழுத்து ‘வேர்’ ஆக இருக்கலாம், ‘பொடி’யாகவும் இருக்கலாம், ‘விதை’யாகவும் இருக்கலாம், மூன்றுக்கும் கணக்கு நாலுதான். ஆயா ஏழெட்டுப் பெயர் சொல்லிப் பார்த்தார், எட்டு எதிலும் வரவில்லை. எடுத்துவிடலாம் என்றால் அங்கிள் விடவில்லை, அந்தப் பக்கத்தில் ‘வந்ததும் தெரிவியுங்கள்’ என்று மூன்று பேர் மெயில் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டுவிடலாமே அங்கிள் என்றேன். “கடைக்காரனே கஸ்டமர்கிட்ட, இது என்ன சாமான்னு கேக்கறதா?” என்றார்.